பழைய பிரிண்டரும் பழுதான தூண்டில் ரீலும்: வீட்டில் செய்யும் கமராவுக்குத் திருகோணமலையில் பாகம் தேடுவது எப்படி?

மத்திய வீதிக் கடை ஒன்றில் போய் நின்று, "அண்ணை, அரை மொடியூல், நாற்பது பல்லுப் பற்சக்கரம் ஒன்று தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள் (மொடியூல் என்பது பல்லின் பருமனைச் சொல்லும் எண்). அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சாமான் கட்டப் போய்விடுவார். சின்னப் பற்சக்கரம் இங்கே சில்லறையாக விலைப்படுகிற சாமான் அல்ல. ஆனால் ஊர் முழுக்கப் பற்சக்கரம் கிடக்கிறது: திருத்த முடியாத பிரிண்டரில், ஓடாத டெக்கில், உப்பில் இறுகிப்போன தூண்டில் ரீலில்.

இந்தத் தேடலில் நான் விடாப்பிடியாக வைத்திருப்பது ஒரே விதி. தனிப் பற்சக்கரத்தைத் தேடாதீர்கள். சோடியாக, அது பூட்டப்பட்டிருக்கும் தகட்டோடு சேர்த்து எடுங்கள். கீழே வருவதெல்லாம் அந்த விதியின் விரிவுதான்.

படி 1: எந்த அசைவு வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

பிலிம் கமராவில் அசைகிற இடங்கள் கொஞ்சம்தான். பிலிமை நகர்த்த வேண்டும், லென்ஸை முன்பின் நகர்த்திக் குவியப்படுத்த வேண்டும், ஷட்டர் திறந்து மூட வேண்டும். சிலருக்குக் கமராவை மெல்லத் திருப்பும் தாங்கியும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிமீற்றர், எவ்வளவு துல்லியம் என்று தாளில் எழுதிவிட்டுத்தான் பழைய சாமான் கடைக்குள் கால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறதெல்லாம் தேவையானதாகத் தெரியும், வீட்டில் மூட்டைதான் சேரும்.

120 பிலிமில் ஊசித்துளைக் கமரா செய்பவருக்குப் பற்சக்கரமே தேவையில்லை. பிலிமின் பின்தாளில் எண்கள் அச்சிட்டிருக்கும். பின்பக்கம் ஒரு சிவப்புச் சாளரமும் சுற்ற ஒரு குமிழும் போதும். முதல் கமரா செய்கிற ஆளென்றால் இதிலேயே தொடங்குங்கள்.

35 மிமீ பிலிமில் கதை வேறு. பின்தாள் கிடையாது, ஓரத்துத் துளைகள்தான் கணக்கு. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 4.75 மிமீ. எட்டுத் துளை நகர்ந்தால் 38 மிமீ. அதற்குள் 36 மிமீ படமும் 2 மிமீ இடைவெளியும் அடங்கும். அதனால்தான் பெரும்பாலான 35 மிமீ கமராக்களில் பிலிமை இழுக்கும் பல்லுருளைக்கு எட்டுப் பல் இருக்கிறது. ஒரு சுற்று, ஒரு படம்.

பல்லுருளை இல்லாமல், பிலிம் சேரும் சுற்றுருளையை மட்டும் திருப்பி "ஒரு சுற்று ஒரு படம்" என்று சமாளிக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 படச் சுருள் ஏறத்தாழ 1.6 மீற்றர், தடிப்பு 0.13 மிமீ அளவு. 14 மிமீ விட்டமுள்ள உருளையில் முழுவதும் சுற்றி முடியும்போது விட்டம் 21 மிமீயைத் தாண்டிவிடும். தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு 44 மிமீ இழுத்தது, முடிவில் 67 மிமீ இழுக்கும். கடைசிப் படங்களுக்கு நடுவே ஏறத்தாழ இன்னொரு படத்தின் அளவுக்கு வெறும் இடம் போகும். ஆகவே பல்லுருளை எடுங்கள். கிடைக்காவிட்டால், ஓரத்துத் துளைகளில் தட்டித் தட்டிச் செல்லும்படி மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்றை வையுங்கள். எட்டு "டிக்" கேட்டால் ஒரு படம்.

குவியப்படுத்தலுக்கு வேண்டிய தூரம் நினைப்பதைவிடக் குறைவு. 50 மிமீ லென்ஸை முடிவிலியிலிருந்து ஒரு மீற்றருக்குக் கொண்டுவர 2.6 மிமீ நகர்த்தினால் சரி. 100 மிமீ லென்ஸுக்கு 11 மிமீ. இந்த எண் கையில் இருந்தால், எந்தப் பழைய பொறி போதும் என்று கடையில் நின்றே முடிவெடுக்கலாம்.

படி 2: கலிப்பர் ஒன்று, ஒரு சின்னக் கணக்கு

டிஜிட்டல் கலிப்பர் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். மலிவான பிளாஸ்டிக் ஒன்று என்றாலும் பரவாயில்லை.

இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கடிக்க வேண்டுமானால் இரண்டின் மொடியூலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம்: வெளிவிட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து, பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதால் வகுங்கள். 40 பல், வெளிவிட்டம் 21 மிமீ என்றால் 21 ÷ 42 = 0.5. பல்லின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் கலிப்பர் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதற்காகத் தலையைப் பிய்க்க வேண்டாம். மொடியூல் 0.3, 0.4, 0.5, 0.6, 0.8, 1 என்று படிப்படியாகத்தான் வரும், எது கிட்டவோ அதுதான்.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று மட்டும் உண்டு. றிமோட் கார் போன்ற விளையாட்டுச் சாமான்களில் அங்குலக் கணக்குப் பற்சக்கரமும் வரும். அதே 40 பல்லுக்கு 22.2 மிமீ காட்டினால் அது 48 பிட்ச், மொடியூல் கணக்கில் 0.53. அதை 0.5 மொடியூலோடு சேர்த்துச் சுற்றினால் முதலில் ஓடுவதுபோலத்தான் இருக்கும், பிறகு கடகடக்கும், பல் தேயும். பழைய மணிக்கூட்டுப் பற்சக்கரத்தின் பல் வடிவமே வேறு. அதை அதன் சோடியோடு மட்டும் பாவியுங்கள்.

அச்சுகளுக்கிடையே உள்ள தூரம்: இரண்டின் பல்லையும் கூட்டி, மொடியூலால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 40 பல்லும் 24 பல்லும் 0.5 மொடியூலில் என்றால் சரியாக 16 மிமீ. அதோடு 0.05 முதல் 0.1 மிமீ வரை தளர்வு விடுங்கள். கைத்துளைப்பானால் இந்த அளவுக்குத் துளை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை முயன்றாலே விளங்கும். தகட்டோடு சேர்த்து எடுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். அந்தத் துளைகளைத் தொழிற்சாலையே துல்லியமாகப் போட்டுத் தந்திருக்கிறது.

படி 3: எதற்குள் என்ன இருக்கிறது

*பிரிண்டர், ஸ்கானர், போட்டோக்கொப்பி மிசின்.* கந்தோர்களும் தொடர்பாடல் நிலையங்களும் கழித்துவிடும் இவைதான் முதல் இலக்கு. இங்க்ஜெட்டில் வழவழப்பான உருக்குத் தண்டு, பல்பட்டி, பக்கச் சட்டத்தில் வரிசையாக வெள்ளைப் பற்சக்கரங்கள் கிடைக்கும். அவை பெரும்பாலும் அசெட்டால் பிளாஸ்டிக். எண்ணெய் இல்லாமலே ஓடும், துருப்பிடிக்காது. பழைய டொட் மெட்ரிக்ஸில் கனமான ஸ்டெப்பர் மோட்டர்கள், அதாவது படிபடியாகத் திரும்பும் மோட்டர்கள், இருக்கும். லேசர் பிரிண்டரிலும் போட்டோக்கொப்பி மிசினிலும் தாள் இழுக்கும் தண்டுகளில் ஒருவழிக் கிளச்சுகள் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். பிலிம் பின்னால் உருளாமல் நிறுத்த இதைவிட நல்ல சாமான் வேறில்லை.

ஸ்கானரையும் போட்டோக்கொப்பி மிசினையும் பற்சக்கரத்துக்காக மட்டும் உடைக்காதீர்கள். உள்ளே நீளக் கண்ணாடித் துண்டுகள் இருக்கும். அவற்றில் பிரதிபலிக்கும் பூச்சு முன்பக்கத்தில். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் வருகிற இரட்டைப் பிம்பம் இதில் வராது, மேலிருந்து பார்க்கும் வியூபைண்டருக்கு அச்சொட்டாகப் பொருந்தும். விரல் படாமல் ஓரத்தில் பிடியுங்கள். போட்டோக்கொப்பி லென்ஸும் பெரிய வடிவக் கமரா செய்பவர்கள் தேடித் திரிகிற பொருள்தான்.

*டிவிடி டிரைவ், ஹாட் டிஸ்க்.* டிவிடி டிரைவின் லேசர் தலையை நகர்த்தும் சட்டம் ஒரு முழுமையான குவியப்படுத்தும் பொறி. திருகுத்தண்டு, இரண்டு வழிகாட்டித் தண்டு, சின்ன ஸ்டெப்பர் எல்லாம் ஒரே தகட்டில் இருக்கும். பொதுவாக ஒரு சுற்றுக்கு 3 மிமீ, சுற்றுக்கு 20 படி. ஆக ஒரு படிக்கு 0.15 மிமீ. லென்ஸ் கனமில்லாததாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஹாட் டிஸ்க்கின் ஊசிக்கையும் அதன் காந்தமும் சேர்ந்தால் ஷட்டர். பௌதிக ஆய்வுகூடங்களில் லேசர்க் கதிரை மறிக்க இதையே ஷட்டராகப் பாவிக்கிறார்கள். கையின் நுனியில் மெல்லிய கறுப்புத் தகடு ஒட்டி, மின்துடிப்புக் கொடுத்தால் டக்கென்று விலகும்.

மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு விழுதகட்டு ஷட்டர் இருக்கிறது. 20 மிமீ பிளவுள்ள தகடு 10 சென்ரிமீற்றர் விழுந்த பிறகு லென்ஸைக் கடந்தால், வேகம் விநாடிக்கு 1.4 மீற்றர், திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 1/70 விநாடி. பற்சக்கரம் ஒன்றும் வேண்டாம், புவியீர்ப்பு இலவசம்.

*கசெட் டெக், விசிஆர்.* கசெட்டில் கனமான பறப்புச்சில்லும் நல்ல வெண்கலப் பெயாரிங்கும் கிடைக்கும். விசிஆரின் தலை உருளை ஆட்டமே இல்லாமல் சுழலும், கமராத் தாங்கியின் திருப்புத்தலைக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். றப்பர் பெல்டுகள் பெரும்பாலும் தார்போல உருகியிருக்கும், அதை எறிந்துவிடுங்கள்.

*பழைய 35 மிமீ கமரா.* பல்லுருளைக்கு இதுதான் நேர்வழி. ஸ்டூடியோக்காரர்களிடமும் வீட்டு அலுமாரிகளிலும் பூஞ்சை பிடித்த பிளாஸ்டிக் கமராக்கள் தூங்குகின்றன. லென்ஸ் கெட்டிருந்தால் உங்களுக்கென்ன? பல்லுருளை, படச்சாளரம் இரண்டையும் ஒரே துண்டாக அறுத்து எடுங்கள். பிலிமை அழுத்தும் தட்டு பின்மூடியில் இருக்கும், அதையும் கழற்றி எடுங்கள்.

*தூண்டில் ரீல்.* வெளியூர்க்காரருக்குக் கிடைக்காத வசதி நமக்கு இங்கே இருக்கிறது. உப்பு ஏறிக் கைவிட்ட ஸ்பின்னிங் ரீல், கடற்றொழில் செய்பவர் வீட்டுப் பக்கம் எங்கேயும் கிடக்கும். அதில் சிறு பெயாரிங்குகள், சில ரகங்களில் ஒருவழி உருளைக் கிளச்சு, பித்தளைச் சிறுபல்லு எல்லாம் உண்டு. எனக்கு அதில் மிகப் பிடித்தது வேறு ஒன்று: பெரிய மீன் இழுக்கும்போது நூலை அறுக்காமல் வழுக்கவிடும் "ட்ராக்".

ஏன் என்று சொல்கிறேன். பல்லுருளை ஒவ்வொரு படத்துக்கும் 38 மிமீதான் விடும். சுற்றுருளையோ, மேலே பார்த்ததுபோல, பிலிம் ஏற ஏற அதிகமாக இழுக்கப் பார்க்கும். இரண்டையும் இறுக்கமாக இணைத்தால் பிலிமின் துளை கிழியும். சுற்றுருளையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி, நடுவில் வழுக்கும் கிளச்சு ஒன்றை வைப்பதுதான் தீர்வு. ரீலின் ட்ராக் அதே வேலையைத்தான் செய்கிறது. முன்பக்க ட்ராக் உள்ள ரீலில் குமிழைக் கழற்றிச் சுருளைத் தனியே எடுங்கள். அதன் மேல் குழியில் வளைந்த கம்பி வளையம் ஒன்று இருக்கும். நகத்தால் நெம்பினால் துள்ளிக்கொண்டு வரும், மற்றக் கையால் மூடிக்கொண்டே செய்யுங்கள். அதன் கீழே ஒரு உலோக வட்டு, ஒரு நமுதா (அழுத்திய கம்பளி) வட்டு என்று மாறி மாறி அடுக்கு. ஒரு வகை உலோக வட்டின் நடுத்துளை ஒரு பக்கம் தட்டையாக, தண்டோடு சுற்றும். மற்ற வகைக்குக் காது இருக்கும், சுருளோடு சுற்றும். வெளியே எடுத்த ஒழுங்கிலேயே நூலில் கோத்து வையுங்கள். ரீலின் உடம்பு அரித்துப் போயிருந்தாலும் இந்த அடுக்கு பெரும்பாலும் நல்லாயிருக்கும்.

கடற்றொழில் சாமான் கடையிலேயே பின்னல் நூலும் வாங்குங்கள். அது நீளாது, பழைய றேடியோவில் முள்ளை இழுக்கும் கயிறுபோல லென்ஸை நகர்த்தப் பாவிக்கலாம். ஷட்டரைத் தூரத்திலிருந்து இழுக்கச் சைக்கிள் கியர்க் கம்பியும் அதன் உறையும் போதும்.

படி 4: கடையில் கதைப்பது

பழைய இரும்புக் கடையிலும் திருத்தகங்களிலும் "கமரா செய்யப்போறன்" என்று விளக்கத் தொடங்கினால் நேரம்தான் போகும், விலையும் ஏறும். இப்படிக் கேளுங்கள்:

"நானா, திருத்தேலாத பிரிண்டர் ஏதும் கிடக்கா? உள்சாமான் மட்டும் போதும்."

"பின்னால கெடக்கு தம்பி, போய்ப் பாருங்க. மோட்டர எடுத்தா வேற வெல."

பேரம் அங்கேதான் தொடங்கும். எடைக்கு விற்கிறவருக்கு இரும்பும் செம்பும்தான் காசு, பிளாஸ்டிக் பற்சக்கரம் வெறும் கழிவு. மோட்டரை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் கேட்டால் பல நேரம் சும்மா தருவார்கள். கடைக்குள்ளேயே கழற்ற அனுமதி கேளுங்கள். கழற்றியதன் குப்பையை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், அடுத்தமுறை உள்ளே விடமாட்டார்கள்.

படி 5: கழற்றுவது

ஒவ்வொரு மூடி திறந்தவுடனும் போனில் படம் எடுங்கள். பற்சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்து எது எதை ஓட்டுகிறது என்று மார்க்கரால் எண் போடுங்கள். பிறகு இரும்பு வாளால், பற்சக்கரத் தொடரைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு, சட்டத்தையே வெட்டி எடுங்கள். தண்டின் நுனியில் இருக்கும் சின்ன ஈ வடிவக் கிளிப்புகள் பறந்தால் கிடைக்காது. பொலித்தீன் பையின் உள்ளே கையை விட்டுக் கழற்றினால் பைக்குள்ளேயே விழும்.

ஆபத்தான இடங்கள் சில. பிளாஷ் உள்ள கமராவில் பற்றரி இல்லாவிட்டாலும் மின்கொள்ளளவி 300 வோல்ற் அளவில் ஏறியிருக்கலாம். சில கிலோ ஓம் தடை ஒன்றைக் குறுக்கே பிடித்து, மீற்றரில் வோல்ற் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். சாவி கொடுக்கும் மணிக்கூட்டின் வில்லை முழுவதும் தளர்த்தாமல் தகட்டைப் பிரிக்கக் கூடாது. டோனர் தூளை ஊதவும் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம், அதன் கொள்ளளவி ஆளைக் கொல்லும்.

மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சவர்க்காரத் தண்ணீர். தின்னர் போட்டால் அசெட்டால் தாங்கும், மற்றப் பிளாஸ்டிக் உடம்புகள் உருகும்.

படி 6: துளையும் தண்டும்

கிடைத்த பற்சக்கரத்தின் துளை 6 மிமீ, உங்கள் தண்டு 3 மிமீ என்று வந்தே தீரும். படகு இயந்திரங்களுக்கு வேலை செய்யும் லேத் பட்டறையில் பித்தளைப் புஷ், அதாவது துளைக்கும் தண்டுக்கும் நடுவே போடும் குழாய்த்துண்டு, கடைந்து தருவார்கள். வாயால் சொல்லாமல், தாளில் படம் கீறி, மில்லிமீற்றரில் எழுதிக் கொடுங்கள். பல் வெட்டித் தரும்படி மட்டும் கேட்க வேண்டாம். இந்தச் சின்னப் பல்லுக்கான வெட்டி அவர்களிடம் இருக்காது.

லேத் இல்லாமலும் வழி உண்டு. றேடியோவின் இழுத்து நீட்டும் ஏரியல், ஒன்றுக்குள் ஒன்று சரியாக நுழையும் பித்தளைக் குழாய்களின் அடுக்குத்தான். வேண்டிய இரண்டு துண்டை வெட்டினால் புஷ் தயார். உக்காத ஸ்ரீல் சைக்கிள் சில்லுக் கம்பி 2 மிமீ தண்டாகும். அசெட்டாலில் சுப்பர் குளூ பிடிக்காது, நம்பி ஒட்டாதீர்கள். குறுக்கே 1 மிமீ துளை போட்டு ஊசி அடியுங்கள்.

படி 7: தாங்கியின் புரி

கமராவின் அடியில் இருக்கும் துளை கால் இஞ்சி, இஞ்சிக்கு 20 புரி. 6 மிமீ போல்ட் அதற்குள் போவதுபோலத் தோன்றும், ஆனால் ஆடும், இறுக்கினால் புரி போகும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் கால் இஞ்சி விட்வொர்த் போல்ட்டும் இஞ்சிக்கு 20 புரிதான். புரியின் கோணம் 60 பாகைக்குப் பதில் 55, நடைமுறையில் தடையில்லாமல் பிடிக்கும்.

6 மிமீ போல்ட்டுக்கு வேறு உபயோகம் இருக்கிறது. அதன் புரி 1 மிமீ. இரண்டு பலகையை ஒரு ஓரத்தில் பிணைச்சலால் சேர்த்து, பிணைச்சலிலிருந்து 229 மிமீ தள்ளி அதைப் பூட்டி, நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருப்பினால், கமரா வைத்த மேற்பலகை வானம் சுழலும் வேகத்தில் விரியும். நட்சத்திரப் படம் எடுக்கலாம். பிணைச்சலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். இங்கிருந்து அது அடிவானத்துக்கு மேல் எட்டரைப் பாகையில்தான். நிலாவெளிப் பக்கம் போனாலும் வடக்கே மரமில்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

படி 8: காசு கொடுத்து வாங்க வேண்டியவை

பெயாரிங்கைப் பழசாக எடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 623 என்றால் துளை 3 மிமீ, வெளிவிட்டம் 10. 608 என்றால் 8 மிமீ, வெளிவிட்டம் 22. எண்ணைச் சொன்னால் போதும். ஊரில் இல்லாவிட்டால் இரவு ரயிலேறிக் கொழும்பு போகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பெயாரிங்குக்குப் பஞ்சிகாவத்தை, மோட்டருக்கும் மின்னணுச் சாமானுக்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு.

மோட்டரில் பிலிம் ஓட்ட நினைத்தால் 28பிவைஜே-48 என்ற சின்ன ஸ்டெப்பரை வாங்குங்கள். உள்ளேயே ஏறத்தாழ 64க்கு 1 பற்சக்கரத் தொடர் இருக்கிறது, வெளித்தண்டின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2048 படி. அதை எட்டுப்பல் உருளையில் நேரே பூட்டினால் 2048 படி ஒரு படம். ஒரு படத்துக்குச் சில விநாடி எடுக்கும், அவசரம் இல்லாதவருக்கு அது போதும். முப்பரிமாண அச்சில் பற்சக்கரம் எடுப்பதானால் மொடியூல் 1 அல்லது அதற்கு மேல் வையுங்கள். 0.5இல் பல் மொழுக்கையாகத்தான் வரும்.

படி 9: உப்புக் காற்றும் ஒத்திகையும்

கடற்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒக்டோபர் தொடங்கினால் உருக்குச் சுருள்வில் பழுப்பேறும். பித்தளை, உக்காத ஸ்ரீல், அசெட்டால் என்று தேர்ந்தெடுங்கள். அலுமினியத்தில் உக்காத ஸ்ரீல் திருகாணி போட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும். புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசிப் போடுங்கள். சேர்த்த பாகங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். உலோக அச்சுகளுக்குத் தையல் மிசின் எண்ணெய் ஊசிமுனை அளவு போதும். ஷட்டர் தகட்டில் எண்ணெய் படவே கூடாது, அங்கே பென்சில் கரி தேயுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு நல்ல பிலிமை உடனே ஏற்ற வேண்டாம். கெட்டுப்போன சுருள் ஒன்றைப் போட்டு, பின்மூடியைத் திறந்தபடியே, ஒவ்வொரு படத்துக்கும் சாளர ஓரத்தில் மார்க்கரால் கோடு இழுத்துக்கொண்டு கடைசிவரை சுற்றுங்கள். வெளியே எடுத்து அளந்தால் கோடுகளுக்கிடையே எல்லா இடத்திலும் 38 மிமீ இருக்க வேண்டும். போகப் போகக் கூடினால் சுற்றுருளைதான் பிலிமை இழுக்கிறது, கிளச்சைத் தளர்த்துங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக 4.75 மிமீ பிசகினால் பிலிம் பல்லின் மேல் ஏறி நழுவுகிறது. பல்லுருளைக்கு எதிரே அழுத்தும் உருளை ஒன்று போட்டு, அதே சுருளை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.